பாதி கிஃப்ட் கார்டு, பாதி கைக்காசு: வாங்கிய பொருளைத் திருப்பினால் பணம் எங்கே போகும்?

சென்ற தை மாதம், பொங்கல் முடிந்த வாரம், இரண்டு வீடு தள்ளியிருக்கும் அக்கா ஒரு மிக்ஸிப் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். புதுச்சேரியில் ஒரு கடையில் வாங்கியது. விலை 5,490 ரூபாய். மகனுக்கு அலுவலகத்தில் தீபாவளிக்குக் கொடுத்த 2,000 ரூபாய் கிஃப்ட் கார்டைக் கொடுத்துவிட்டு, மீதி 3,490 ரூபாயை யூ.பி.ஐ. மூலம் கட்டியிருந்தார். மூன்றாம் நாள் தேங்காய்ச் சட்னி அரைக்கும்போதே மோட்டாரிலிருந்து கருகல் வாடை. கடையில் பொருளைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். ஆனால், “5,490 ரூபாயையும் புது கார்டாகத்தான் தருவோம். ஆறு மாதத்துக்குள் இங்கேயே வேறு எதையாவது வாங்கிக்கொள்ளுங்கள்” என்றார்களாம். அக்காவுக்கு மனம் ஒப்பவில்லை. மிக்ஸியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

“கார்டில் போனது கார்டில் வரட்டும். என் கைக்காசு எதற்குக் கார்டாக வேண்டும்?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

நான் திருப்பாதிரிப்புலியூரில் குடியிருந்துகொண்டு புதுச்சேரி நேரு வீதியில் ஒரு பெரிய கடையில் பன்னிரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவள். முதல் ஏழு ஆண்டுகள் பில் போடும் இடத்தில். அடுத்த ஐந்து ஆண்டுகள் திரும்பி வரும் பொருள்களை வாங்கும் மேசையில். தினமும் காலையில் கடலூரில் பஸ் ஏறி, புதுச்சேரி எல்லையிலிருக்கும் முள்ளோடை, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம் வழியாகப் போவேன். அந்த மேசையில் குரல் உயர்ந்த நாள்களை நினைத்துப் பார்த்தால், பெரும்பாலும் இரண்டு விதமாகப் பணம் கட்டிய பில்தான் நடுவில் கிடக்கும். வாடிக்கையாளர் மேல் தப்பிருக்காது. மேசையில் நிற்கும் பெண் மேலும் தப்பிருக்காது. பணம் எந்த வழியில் வந்தது என்பதை யாரும் நிதானமாகப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பணம் வந்த வழியே திரும்ப வேண்டும். கார்டில் வந்தது கார்டுக்கு, வங்கியிலிருந்து வந்தது வங்கிக்கு, ரொக்கமாக வந்தது ரொக்கமாக. இது என் சொந்தக் கருத்து மட்டுமல்ல. கிஃப்ட் கார்டு, வாலட் போன்றவற்றுக்காக ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளியிட்ட விதிமுறைத் தொகுப்பிலும் இதே கொள்கை இருக்கிறது: ரத்தான, திரும்பி வந்த பரிவர்த்தனைகளில், முதலில் எவ்வளவு தொகை அந்தக் கார்டிலிருந்து எடுக்கப்பட்டதோ அந்த அளவுக்கு உடனே அதே கார்டில் வரவு வைக்க வேண்டும். ‘அந்த அளவுக்கு’ என்ற சொல்லைக் கவனியுங்கள். 2,000 ரூபாய் எடுத்த கார்டுக்கு 2,000 ரூபாய்தான் திரும்பும். ஒரு கடை தன் கடையில் மட்டுமே செல்லும்படி தானே அச்சடித்துத் தரும் கார்டு இந்த விதிமுறைக்குள் வராது. பல கடைகளில் செல்லும்படி வங்கிகளும் நிறுவனங்களும் வெளியிடும் கார்டுகளுக்குத்தான் அது பொருந்தும். ஆனாலும் நியாயம் ஒன்றுதான். மேலாளரிடம் பேசும்போது அதைத் தயங்காமல் எடுத்துச் சொல்லலாம்.

அதே நியாயம் நமக்கும் பொருந்தும். கார்டில் கட்டிய 2,000 ரூபாயை ரொக்கமாகக் கேட்டு வாதாடாதீர்கள். ரிசர்வ் வங்கி விதிப்படியே கிஃப்ட் கார்டைப் பணமாக மாற்ற முடியாது. திருடிய கார்டில் பொருள் வாங்கி, மறுநாள் அதைத் திருப்பிக் கொடுத்து ரொக்கமாக்க வருபவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். கார்டுத் தொகையைக் கார்டாகவே தருவோம் என்று கடை சொன்னால், அதில் கடையின் பக்கம்தான் நியாயம் இருக்கிறது.

பில்லின் அடிப்பகுதியைப் படியுங்கள்

நாம் பில்லில் மொத்தத் தொகையைப் பார்த்ததும் மடித்துப் பைக்குள் வைத்துவிடுகிறோம். நமக்கு வேண்டியது அதற்குக் கீழேதான் இருக்கிறது. ‘மொத்தம் 5,490’ என்ற வரிக்குக் கீழே எது எதன் மூலம் எவ்வளவு கட்டப்பட்டது என்று தனித்தனி வரிகள் இருக்கும். அக்காவின் பில்லில் ‘கிஃப்ட் கார்டு 2,000’ என்று ஒரு வரி, ‘யூ.பி.ஐ. 3,490’ என்று ஒரு வரி. அவருடைய வழக்கு முழுவதும் அந்த இரண்டு வரிகளில் அடங்கிவிட்டது. உங்கள் பில்லில் வெறும் மொத்தம் மட்டும் இருந்தால், கட்டிய விவரத்தையும் அச்சிட்டுத் தரும்படி அங்கேயே கேளுங்கள்.

இந்த இடத்தில் பலர் ஏமாறுவது கூப்பனைக் கார்டு என்று நினைத்துத்தான். ‘5,000 ரூபாய்க்கு வாங்கினால் 500 ரூபாய் கூப்பன்’ என்று கடை இலவசமாகத் தருவதும் பார்வைக்குக் கிஃப்ட் கார்டு போலவே பளபளவென்று இருக்கும். அதற்குப் பின்னால் யாருடைய பணமும் இல்லை. அது வெறும் தள்ளுபடி. அந்தக் கூப்பனைக் கொடுத்து வாங்கிய பொருளைத் திருப்பினால், அந்த 500 ரூபாய் திரும்புவது அரிது. வேறுபாட்டைப் பில்லே காட்டிவிடும். கூப்பன் என்றால் மொத்தத் தொகைக்கு மேலே, கழிக்கப்பட்ட தள்ளுபடியாக நிற்கும். உண்மையான கிஃப்ட் கார்டு என்றால் மொத்தத் தொகைக்குக் கீழே, கட்டிய பணமாக நிற்கும். யாரோ ஒருவர் காசு கொடுத்து வாங்கிய கார்டைக் கடை தள்ளுபடிபோல மேலே போட்டிருந்தால், பில் போட்ட நிமிடமே திருத்தச் சொல்லுங்கள். பிறகு திருத்துவது மிகவும் கடினம்.

கடையில் தரும் பில் பெரும்பாலும் வெப்பத்தாளில் அச்சாவது. கடலூர் வெயிலில் ஸ்கூட்டர் பெட்டியில் இரண்டு நாள் கிடந்தாலே எழுத்து வெளுத்துவிடும். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, அடியில் உள்ள கட்டண வரிகள் தெளிவாகத் தெரியும்படி கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே பில்லாகப் போடாதீர்கள்

பன்னிரண்டு ஆண்டு வேலையில் நான் கற்றவற்றில் மிகவும் பயனுள்ளது இதுதான். கார்டையும் கைக்காசையும் ஒரே பில்லில் கலக்காதீர்கள். இரண்டு பில் கேளுங்கள். வீட்டை விட்டுத் திரும்பி வரவே வராத பொருளைக் கார்டில் வாங்குங்கள்: போர்வை, பாத்திரம், மாமியாருக்குப் பார்த்துப் பார்த்து எடுத்த சுங்குடிப் புடவை. திரும்பி வர வாய்ப்புள்ளதைக் கைக்காசில் வாங்குங்கள்: அளவு சரிவருமா என்று தெரியாத பள்ளிச் செருப்பு, ஊரிலிருக்கும் தம்பி மகனுக்கு எடுத்த சட்டை, மோட்டார் உள்ள எந்தப் பொருளும். அப்படிச் செய்துவிட்டால், பொருள் திரும்பும்போது கார்டு என்ற பேச்சே எழாது.

பில் போடுபவர் முகம் சுளிக்கலாம். தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாலையில், வரிசை வாசல் வரை நிற்கும்போது, இரண்டு பில் என்றால் எனக்கே அலுப்பாக இருக்கும். ஆனால் யாரும் மறுக்க மாட்டார்கள். வரிசையில் நிற்கும்போதே பொருள்களை இரண்டு குவியலாகப் பிரித்து வைத்துக்கொண்டு, “இதற்குத் தனியாக, இதற்குத் தனியாக” என்று முதலிலேயே சொல்லிவிட்டால் போதும். ஒன்றை மட்டும் கணக்குப் பாருங்கள். ‘5,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் வங்கிக் கார்டுக்கு 10 சதவீதம் தள்ளுபடி’ என்பது போன்ற சலுகை இருந்தால், பில்லைப் பிரிப்பதால் அந்த வரம்புக்குக் கீழே போய்விடலாம். அப்போது எது லாபம் என்று நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும். கார்டில் மிச்சம் வைக்கலாமா, ஒரே தடவையில் முழுவதையும் செலவழிக்க வேண்டுமா என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சில கடைகளில் மிச்சத் தொகை அப்படியே போய்விடும்.

மிக்ஸி போல ஒரே பொருளின் விலை கார்டைவிட அதிகமாக இருந்தால் பிரிக்க வழியில்லை. அப்போது பணம் கட்டும் முன்பே ஒரு கேள்வி கேளுங்கள்: “இதைத் திருப்ப நேர்ந்தால் கார்டில் கட்டியது எப்படி வரும், மீதி எப்படி வரும்?” பதில் சொல்லத் தெரியவில்லை என்றால் மேற்பார்வையாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள். பணம் உங்கள் கையில் இருக்கும்வரை பதில் பொறுமையாகக் கிடைக்கும்.

ஒரு பகுதியை மட்டும் திருப்பினால்

இங்கேதான் கணக்கு சிக்கலாகும். ஒரு பில்லில் 3,200 ரூபாய்க்குப் புடவை, 1,500 ரூபாய்க்குப் படுக்கை விரிப்பு, 1,300 ரூபாய்க்குச் சட்டை. மொத்தம் 6,000. கிஃப்ட் கார்டில் 2,000, டெபிட் கார்டில் 4,000 கட்டியிருக்கிறீர்கள். சட்டை பத்தவில்லை, திருப்புகிறீர்கள். அந்த 1,300 ரூபாய் எங்கே போகும்?

சில கடைகள் கிஃப்ட் கார்டைத்தான் முதலில் நிரப்பும். 1,300 ரூபாயும் கார்டுக்குப் போகும். சில கடைகள் வங்கிப் பக்கம் முதலில் தரும். 1,300 ரூபாயும் உங்கள் கணக்குக்கு வரும். இன்னும் சில கடைகள் விகிதம் பார்க்கும். பில்லில் மூன்றில் ஒரு பங்கு கிஃப்ட் கார்டு என்பதால், 433 ரூபாய் 33 காசு கார்டுக்கும் 866 ரூபாய் 67 காசு வங்கிக்கும் போகும். என் கணக்கில் மூன்றாவதுதான் நியாயமானது. இரண்டு பக்கமும் இழப்பில்லை. கார்டை முதலில் நிரப்பும் கடையில் கேட்டுப் பாருங்கள். அது கடையின் வழக்கம் என்று அறிவிப்புப் பலகையிலோ பில்லின் பின்புறமோ எழுதியிருந்தால் மாற்றுவது கடினம். எங்கும் எழுதவில்லை என்றால் விகிதப்படி கேட்க உங்களுக்கு எல்லா நியாயமும் உண்டு.

காலியான கார்டைத் தூக்கி எறியாதீர்கள்

மேசையில் நின்ற ஐந்து ஆண்டுகளில் எனக்கு மிகவும் வருத்தம் தந்தது இதுதான். கார்டில் இருந்த பணம் தீர்ந்ததும், இனி எதற்கு என்று கடை வாசலிலேயே குப்பைத் தொட்டியில் போட்டுவிடுவார்கள். பத்து நாள் கழித்துப் பொருளைத் திருப்ப வரும்போது கணினி அந்தக் கார்டின் எண்ணைக் கேட்கும். கார்டு இல்லை என்றால் தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சல், விளக்கம், காத்திருப்பு. ஒரு பாட்டி பேத்திக்கு எடுத்த பாவாடையைத் திருப்ப வந்துவிட்டு, கார்டைத் தேடி மீண்டும் வில்லியனூர் வரை போய் வந்தார். பேத்தி அதை விளையாட்டுச் சாமானோடு போட்டு வைத்திருந்ததால் தப்பித்தார். திருப்புவதற்கான நாள் முடியும்வரை கார்டையும் பில்லையும் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள். கைப்பேசியில் வந்த கார்டு என்றால் அந்தக் குறுஞ்செய்தியை அழிக்காதீர்கள்.

காலாவதித் தேதியையும் பாருங்கள். ரிசர்வ் வங்கி விதிக்குள் வரும் கார்டுகளுக்குக் குறைந்தது ஓராண்டு செல்லுபடிக் காலம் இருக்க வேண்டும். ஒரு கார்டின் மதிப்பு 10,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. கடையின் சொந்தக் கார்டுக்குக் கடை வைத்ததுதான் தேதி. மார்ச் 28 அன்று பொருள் வாங்குகிறீர்கள், கார்டு மார்ச் 31 அன்று காலாவதி, ஏப்ரல் 5 அன்று பொருளைத் திருப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பணம் செத்த கார்டுக்குப் போய் உட்கார்ந்துவிடும். திருப்பும்போதே, “பழைய கார்டில் போடாதீர்கள், புதிய தேதியோடு புதுக் கார்டு தாருங்கள்” என்று கேளுங்கள். கையில் வாங்கியதும் அங்கேயே இருப்பைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மேசைக்கு முன்னால்

அக்காவோடு நானும் போனேன். செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றுக்கு. கூட்டமில்லாத நேரமாகப் போவது பாதி வெற்றி. மேசையில் இருபது வயதுப் பெண். அக்கா கோபமாக ஆரம்பிக்கும் முன் நான் பில்லை அவள் பக்கம் திருப்பி வைத்து, அடியில் உள்ள இரண்டு வரிகளைப் பேனாவால் கோடிட்டேன். “பாப்பா, இதில் 2,000 கார்டில் வந்தது. அதைக் கார்டாகவே தா. இந்த 3,490 இவர்களுடைய வங்கியிலிருந்து வந்தது. அது வங்கிக்குத்தான் போக வேண்டும்” என்றேன். அவள் கணினியைப் பார்த்தாள். திருப்பும் பதிவில் ஏற்கெனவே ‘கிஃப்ட் கார்டு’ என்று ஒரே வகையைத் தேர்ந்தெடுத்து முழுத் தொகையையும் போட்டு வைத்திருந்தாள். அவசரத்தில் நானும் அப்படிச் செய்திருக்கிறேன். ஒரே அழுத்தில் வேலை முடிந்துவிடும் என்பதுதான் காரணம். “இரண்டு வரியாகப் பிரித்துப் போடலாம், உங்கள் மேலாளரிடம் அனுமதி எண் வாங்கிக்கொள்” என்றேன். அவள் உள்ளே போய்ப் பத்து நிமிடத்தில் திரும்பினாள். 2,000 ரூபாய்க்குப் புதுக் கார்டு கையில் வந்தது. 3,490 ரூபாய் நான்காம் வேலை நாளில் அக்காவின் கணக்கில் ஏறியது.

கிளம்பும் முன் இரண்டு தாள்கள் உங்கள் கையில் இருக்க வேண்டும். ஒன்று, பொருளைத் திரும்ப வாங்கியதற்கான கிரெடிட் நோட். அதில் எந்த வழியில் எவ்வளவு என்று இரண்டு தொகைகளும் தனித்தனியாக இருக்க வேண்டும். மற்றொன்று, வங்கிக்கு அனுப்பியதன் பரிவர்த்தனை எண். பணம் வராவிட்டால் வங்கியில் கேட்க அந்த எண் இல்லாமல் முடியாது. வாங்கிய அன்றே மனம் மாறிவிட்டால், கடை மூடும் முன் திரும்பிப் போங்கள். டெபிட், கிரெடிட் கார்டில் கட்டியதை அன்றைய கணக்கு முடிவதற்குள் இயந்திரத்திலேயே ரத்து செய்துவிடலாம். மறுநாள் என்றால் பல நாள் காத்திருக்க வேண்டும்.

பணம் வரவில்லை என்று இணையத்தில் தேடிக் கிடைக்கும் வாடிக்கையாளர் சேவை எண்களை அழைக்காதீர்கள். பில்லில் அச்சிட்டிருக்கும் எண்ணை மட்டும் அழையுங்கள். பணம் பெறுவதற்கு யூ.பி.ஐ. ரகசிய எண்ணைப் போடவே தேவையில்லை. போடச் சொல்பவர் திருடர்.

கடை மறுத்தால்

பழுதான பொருள் வேறு, மனம் மாறித் திருப்பும் பொருள் வேறு. நிறம் பிடிக்கவில்லை, அளவு சரியில்லை என்றால் கடையின் விதிதான் விதி. மாற்றித் தருவதோ கார்டாகத் தருவதோ அவர்கள் முடிவு. பழுதான பொருளுக்கு அப்படி அல்ல. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. பழுதான பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை என்று அது சொல்கிறது. பில்லில் குறித்த காலத்துக்குள், எதுவும் குறிக்கவில்லை என்றால் 30 நாள்களுக்குள் தர வேண்டும். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற பலகை பழுதான பொருள் விஷயத்தில் செல்லாது. இணையத்தில் வாங்கினாலும் பழுதான, போலியான, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் சொல்கின்றன.

வாய்ப் பேச்சு பலிக்காவிட்டால் எழுதிக் கொடுங்கள். அக்காவுக்காக நான் முன்கூட்டியே எழுதி எடுத்துப் போனது இது. கடையில் காட்ட வேண்டிய தேவை வரவில்லை.

“மேலாளர் அவர்களுக்கு, இந்த எண்ணுள்ள பில்லில் வாங்கிய மிக்ஸி மூன்றாம் நாளே பழுதானது. பில் தொகை 5,490 ரூபாயில் 2,000 கிஃப்ட் கார்டிலும் 3,490 யூ.பி.ஐ. மூலமும் கட்டப்பட்டது. 3,490 ரூபாயைப் பணம் வந்த அதே வங்கிக் கணக்குக்கும், 2,000 ரூபாயைப் புதிய கார்டாகவும் ஏழு வேலை நாள்களுக்குள் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். முழுத் தொகையையும் கார்டாகப் பெற எனக்குச் சம்மதமில்லை.”

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். ஏழு நாள் கழிந்தும் பதில் இல்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். தமிழிலேயே பேசலாம், புகார் எண் தருவார்கள். அதற்கும் கடை அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நேரிலும் கொடுக்கலாம், 2025 ஜனவரியில் தொடங்கிய இ-ஜாக்ரிதி இணையதளத்திலும் பதியலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. பிரச்சினை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் பதிய வேண்டும்.

எங்கள் பக்கத்து மக்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கடை புதுச்சேரியில் இருக்கிறது, அது வேறு அரசு, நாம் என்ன செய்ய முடியும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, புகார் தருபவர் வசிக்கும் ஊரிலேயே பதியலாம். நேரு வீதியில் வாங்கிய மிக்ஸிக்குக் கடலூர் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம்; முள்ளோடையைத் தாண்ட வேண்டியதில்லை.